கம்ப்யூட்டர் சொன்ன கொலைகாரன்

திராட்சைப் பந்தலுக்குக் கீழே மல்லாந்து கிடந்தான் வீரபாண்டி.

கழுத்தில் பந்தல் கம்பி. நாக்கு வெளியே...

சுருளிப்பட்டிப் பக்கம் பாதித் தோட்டத்துக்குப் பூச்சிமருந்து விற்றவன். இவனைக் கடித்தது எந்தப் பூச்சி?

"பகல் பன்னெண்டு மணிக்குச் செத்திருக்கான்," என்றார் டாக்டர்.

மாலைக்குள் கொலைகாரன் பெயர் கிடைத்துவிட்டது. 2009-ல் காவல்துறைக்குப் புதிதாக மூளை வந்திருந்தது. கம்ப்யூட்டருக்குள்.

மறுநாள் டி.எஸ்.பி. சொர்ணலதா ஸ்டேஷனுக்கு வந்தார்.

"தொண்ணூத்தி மூணு சதவீதம் மேடம்." இன்ஸ்பெக்டர் ஈஸ்வரபாண்டி மானிட்டரைச் செல்லமாகத் தட்டினார். "சுருளிவேல். இன்னைக்கே ரிமாண்ட்."

மூலையில் குத்தவைத்திருந்தான் சுருளிவேல். தேங்காய்த் திருடன். கம்ப்யூட்டர் கணக்குப்படி வருங்கால ஆயுள் கைதி.

"மெஷின் எப்படிக் கண்டுபிடிச்சது?"

"பத்து வருச ரிஜிஸ்டரைப் படிச்சிருக்கு மேடம். இவன் மேல நாப்பத்தொரு கேஸு."

சொர்ணலதா ரிஜிஸ்டரைப் புரட்டினார். "அத்தனையும் டிசம்பர்லயா?"

ஈஸ்வரபாண்டி இருமினார்.

"வருசக் கடைசியில மிஞ்சுற கேஸை எம்பேர்ல எழுதுவாக மேடம்," என்றான் சுருளிவேல். "மோட்டார் ஒயரு, கோழி... எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன். கொலை மட்டும் வேணாம். ரெண்டு பொட்டப்புள்ளைக இருக்கு."

"ஏலே, வாய மூடு."

"நீங்க எழுதின பொய்யைத்தான் அது பாடமாப் படிச்சிருக்கு," என்றார் சொர்ணலதா. "கொலை நேரத்துல இவன் எங்க இருந்தான்னு விசாரிச்சீங்களா?"

"மெஷினே சொன்ன பெறகு எதுக்கு மேடம்?"

சொர்ணலதா திரும்பினார். "நீ சொல்லு."

"இங்கனதான் மேடம். நேத்துக் காலையில ஒன்பது மணிக்கே ஐயா கூட்டியாந்தாக. டீ வாங்குறது, ஃபோன் எடுக்குறது எல்லாம் நான்தான்."

"ரிஜிஸ்டர்ல இல்லையே?"

"அதுல எழுத மாட்டாக."

"திருட்டுப்பய பேச்சு மேடம்..."

"நேத்துப் பன்னெண்டு மணிக்கு இந்த ஸ்டேஷனுக்கு நான் ஃபோன் பண்ணேன்," என்றார் சொர்ணலதா நிதானமாக. "யார் எடுத்தது?"

"நான்தான். ஐயா வெளிய போயிருக்காகன்னு சொன்னேனே."

அதே குரல்!

"எதுக்குப் பண்ணேன் தெரியுமா ஈஸ்வரபாண்டி? வீரபாண்டி உங்க மேல லஞ்சப் புகார் குடுத்திருந்தான். சரி, இவனை ஒன்பது மணிக்கு எந்தக் கேஸுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"



"'பெரிய கேஸு ஒண்ணு வருது, நீதான் ஒத்துக்கணும்'னாக மேடம்," என்றான் சுருளிவேல்.

ஈஸ்வரபாண்டியின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது. பின்னால் நின்ற ஏட்டு அந்தக் கையை முறுக்கிப் பிடித்தார்.

சுருளிவேல் கம்ப்யூட்டரைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"இது கொலைக்குப் பெறகுதான் மேடம் ஆளைச் சொல்லுச்சு. எங்க ஐயா மூணு மணி நேரம் முன்னாடியே புடிச்சுப்புட்டாக."