மூக்குக்கும் திரைக்கும் நடுவே

யும்னாவின் அம்மா நாஹித் கணினியில் வரைந்தால், கெய்ரோவில் எங்கோ ஒரு வீட்டுக்குச் சமையலறை அலமாரி வரும். அந்தக் கணினியின் திரை போன மாதம் உயிரை விட்டுவிட்டது. வேறு வழியில்லாமல் வரவேற்பறை டிவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்கள். அது பெரியதுதான். ஆனால் எழுத்தெல்லாம் கசங்கித் தெரிந்தது. அம்மா மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்தே வேலை பார்த்தாள். நாற்காலியின் முதுகுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

அப்படியும் ஒருநாள், அலமாரி செய்யும் பட்டறை அனுப்பிய வரைபடத்தில் கதவின் அகலமான முப்பத்து மூன்றை முப்பத்தெட்டு என்று படித்துவிட்டாள். பதினொரு கதவுகள் தப்பாக அறுபட்டன.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, நான் வேற ஆளைப் பாத்துக்குவேன் மேடம்" என்றார் பட்டறை முதலாளி ஃபத்ஹி.

அப்பா இஸ்மத்தும் தன் பங்குக்குச் சத்தம் போட்டார். "கண்ணைத் திறந்து பாக்க வேணாமா?"

அம்மா மறுபடியும் திரையை நோக்கிக் குனிந்தாள். 

அடுத்த வரைபடத்தைச் சனிக்கிழமை கொடுக்க வேண்டும். வியாழன் மாலை அப்பா புதுத் திரை வாங்கக் கிளம்பினார்.

"பெருசா வாங்குவோம். மேட்சும் அதுலயே பாக்கலாம்" என்றார்.

"பெருசு வேணாம்ப்பா, வேகமா வேணும்" என்றான் அண்ணன் ஹாஸிம். "செகண்டுக்கு நூத்தி நாப்பத்து நாலு தடவை படம் மாறும். கண்ணுக்கு ரொம்ப நல்லது!"

"யாரு கண்ணுக்கு?" என்றாள் யும்னா.

"எதுவானாலும் சரி, சீக்கிரம் வாங்கிட்டு வாங்க" என்றாள் அம்மா, தலை நிமிராமல். அந்த 'எதுவானாலும்' யும்னாவுக்குப் பிடிக்கவே இல்லை. அம்மாவுக்கு ஏற்றதை வாங்காமல் திரும்புவதில்லை என்று முடிவு செய்தாள்.

ஒரு கயிற்றை எடுத்து வந்தாள். "அம்மா, சாய்ஞ்சு உக்காரு."

"எதுக்குடி?"

"உக்காரேன்!"

அம்மாவின் மூக்கிலிருந்து திரைவரை கயிற்றைப் பிடித்து, ஒரு முடிச்சுப் போட்டாள். பிறகு டிவித் திரையில் குறுக்கே எத்தனை புள்ளி என்று, பின்னால் ஒட்டியிருந்த தாளில் படித்தாள். அந்தக் கதவு வரைபடத்தையும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டாள்.

அப்பா, ஹாஸிம், யும்னா மூவரும் நுழைந்த கடையில் எல்லாத் திரைகளிலும் ஆரஞ்சு மீன்கள் நீந்தின. விற்பனையாளர் மெத்ஹத் ஓடி வந்தார்.

"வாங்க பாஷா! இதைப் பாருங்க, முப்பத்திரண்டு அங்குலம். மீன் மடியில விழுற மாதிரி இல்ல?"

அப்பா வாயைப் பிளந்தபடி நின்றார்.

"அண்ணே, மீன் வேணாம். இதைப் போடுங்க" என்று யும்னா பென் டிரைவை நீட்டினாள்.

மீன்கள் மறைந்து சமையலறை வந்தது. கயிற்றின் ஒரு முனையைத் திரையிலும், முடிச்சை அப்பாவின் மூக்கிலும் வைத்தாள். கடையே சிரித்தது.

"மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடுற மாதிரி இருக்கு" என்று அப்பாவும் சிரித்தார்.

"அந்தக் கதவோட அகலத்தைப் படிங்கப்பா."

"எனக்குக் கழுகுக் கண்ணு. முப்பத்தெட்டு!"

யும்னா கயிற்றைச் சுருட்டிக்கொண்டாள். ஹாஸிம் கேட்ட வேகமான திரைக்கு அவரை இழுத்துப் போனாள். அது இருபத்து நாலு அங்குலம். எழுத்து இன்னும் பொடியாக இருந்தது. அங்கேயும் முப்பத்தெட்டுதான்.

"அண்ணே, இது ரெண்டுலயும் குறுக்கே எத்தனை புள்ளி?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது."

"எங்க டிவியிலயும் அவ்வளவேதான். அதைவிட நிறைய புள்ளி இருக்கிறது எது?"

மெத்ஹத் தலையைச் சொறிந்தார். "பெருசாக்கிப் பாத்தா எல்லாம் தெரியும், பாப்பா."

"பெருசாக்கினா பாதிச் சமையலறை வெளிய போயிடுமே!"

"சரிங்க என்ஜினியரம்மா!" மெத்ஹத் மூலையில் இருந்த இருபத்தேழு அங்குலத் திரையைக் காட்டினார். "இதுல ரெண்டாயிரத்து ஐந்நூத்து அறுபது. ஆனா வேகம் வெறும் எழுபத்தஞ்சு."

"அம்மா வரையுற அலமாரி ஓடவா போகுது?"

மீண்டும் கயிறு, மீண்டும் மூக்கு.

"முப்பத்து..." அப்பா நிறுத்தினார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். "மூணு. முப்பத்து மூணு."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "இது... அந்தக் கதவா?"

யும்னா தலையாட்டினாள்.

"இதைக் கட்டுங்க" என்றார் அப்பா மெத்ஹத்திடம், மெதுவாக.

"அப்ப நூத்தி நாப்பத்து நாலு?" ஹாஸிம் கடைசியாக ஒருமுறை முயன்றான்.

"நம்ம கம்ப்யூட்டர்ல உன் விளையாட்டு செகண்டுக்கு எத்தனை தடவை மாறுது?" என்று கேட்டாள் யும்னா.

ஹாஸிம் கூரையைப் பார்த்தான். "நாப்பது."

"மிச்சத்தை எங்க கொண்டுபோய் வெப்ப?"

வீட்டுக்கு வந்ததும் டிவி தன் பழைய சுவருக்குப் போனது. ஹாஸிம் அதைப் போட்டான். "அப்பா, மேட்ச் ஆரம்பிச்சிருச்சு!"

அப்பா போகவில்லை. புதுத் திரைக்கு முன்னால் இருந்த அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றார்.

"நாஹித், அன்னிக்கு நான் கத்துனது தப்பு. எனக்கும் முப்பத்தெட்டுதான் தெரிஞ்சுது."

அம்மா அவரைப் பார்த்தாள். யும்னாவின் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தாள். பிறகு புதுத் திரையைப் பார்த்தபடியே மெல்லப் பின்னால் சாய்ந்தாள்.

ஒரு மாதமாகச் சும்மா இருந்த நாற்காலியின் முதுகு 'கிரீச்' என்றது.