கடைசியில் நடப்பவன்

“கையை நீட்டுங்க...”

நீட்டினாள். மஞ்சள் காகிதப் பட்டை ஒன்று அவள் மணிக்கட்டைச் சுற்றி வந்து ஒட்டிக்கொண்டது. அதன்மேல் கறுப்பு எழுத்தில் பன்னிரண்டு என்ற எண். ஒட்டிய விரல்கள் அவள் மேல் படாமல் இருக்க எவ்வளவு பாடுபட்டன என்பதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பிறகு அவன் பட்டியலைப் பார்த்து அவள் பெயரை வாசித்தான். “அபிதகுஜாம்பாள்.”

தடுக்காமல், திணறாமல், ஒரே மூச்சில்...

ஒரு வாரமாக அந்தப் பெயரை யாரும் முழுதாகச் சொல்லவில்லை. நாவலூர் அலுவலகத்தில் அவள் வெறும் அபி. அதற்கு முந்தைய மூன்று வருடங்கள் திருவண்ணாமலையில், வீட்டு மாடியறையில் உட்கார்ந்து வேலை பார்த்தபோது, மீட்டிங் திரையின் சின்னக் கட்டத்தில் அவள் பெயர் ‘அபிதகு’ வரை வந்து மூன்று புள்ளிகளாகி நின்றுவிடும். பல சமயம் அவளே அந்த மூன்று புள்ளிகள்தானோ என்று தோன்றும்.

“சரியா சொல்றீங்களே,” என்றாள்.

“என் பேரு சத்யநாராயணன்ங்க. எல்லாரும் சத்யாவோட நிறுத்திடுவாங்க. நீளப் பேருக்காரங்க கஷ்டம் எனக்குத் தெரியும்.”

சிரிக்கவில்லை அவன். கண்கள் மட்டும் சிரித்தன. மழைக்கு முந்தைய வெளிச்சம் மாதிரி ஒரு பழுப்பு அந்தக் கண்களில்... அவள் சட்டென்று பட்டையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

அது ஒரு பப் உலா. சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நாவலூரில் கிளம்பி, சோழிங்கநல்லூர், மேடவாக்கம் என்று மூன்று இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம். ஆறரைக்குள் தாம்பரம் ரயில் நிலையத்தில் இறக்கிவிடுவார்கள். பன்னிரண்டு பேர், ஒரு வேன். முன்னால் மஞ்சள் குடையோடு வழிகாட்டி சுஜி. ஊரைப் பற்றி, பீரைப் பற்றி, பழைய காதலர்களைப் பற்றி மூச்சு விடாமல் பேசக்கூடியவள். கடைசியில் சத்யா. அவன் குடிக்கக் கூடாது. எல்லோருக்கும் பின்னால்தான் நடக்க வேண்டும். யாரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுதான் அவன் வேலை. மற்ற நாட்களில் திருமுடிவாக்கத்தில் ஒரு போல்ட் கம்பெனியில் தரம் பார்ப்பவனாம். பெட்டிக்கு நூற்று நாற்பத்து நான்கு. ஒன்று குறைந்தாலும் பெட்டியைத் தூக்கும்போதே தெரிந்துவிடும் என்று சுஜி அவனை அறிமுகப்படுத்தினாள்.

மற்ற பதினோரு பேரும் ஜோடியாகவும் கூட்டமாகவும் வந்திருந்தார்கள். தனியாக வந்தவள் அவள் மட்டும்தான்.

அவள் குடிப்பவள் இல்லை. போக வேறு இடமில்லாததால் வந்தாள். ‘சனிக்கிழமை உன்னை வெளியில கூட்டிட்டுப் போறோம் அபி’ என்று திங்களன்று ஏழு பேர் சொன்னார்கள். வியாழனுக்குள் நான்கு பேருக்கு வேலை வந்தது. வெள்ளி மாலை ஏழாவது ஆளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஓர் அழுகிற பொம்மை வந்தது. மதியம் பன்னிரண்டுக்கு அறையைக் காலி செய்தாயிற்று. தாம்பரத்தில் ஏழு மணிக்கு ரயில். நடுவில் ஏழு மணி நேரம்... தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊர்.

ஜனவரி முதல் நாவலூருக்கே வந்துவிடுகிறாயா, இல்லை வீட்டிலிருந்தே தொடர்கிறாயா என்று கம்பெனி கேட்டிருந்தது. வரும் திங்களன்று பதில் சொல்ல வேண்டும். ‘வர விருப்பமில்லை’ என்று எழுதிய மெயில் அவள் போனில் அனுப்பப்படாமல் கிடந்தது. இந்த ஊரில் ஓர் ஆளாவது தன்னைப் பார்த்திருந்தால் அதை எழுதியிருக்க மாட்டாள். அதற்காகத்தானே இந்த ஒரு வாரம் வந்தாள்?

முதல் இடம், ஒரு ஹோட்டலின் இரண்டாவது மாடி. எல்லோரும் பீர் கேட்டதால் அவளும் கேட்டாள். ஒரு வாய் உறிஞ்சினாள்; வேப்பங்கொழுந்தைக் கரைத்த மாதிரி இருந்தது. மீதியைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அப்போதுதான் மழை ஆரம்பித்தது. ஓஎம்ஆர் சாலை முழுவதும் ஒரு நிமிடத்தில் கரைந்துபோனது. கண்ணாடிக் கட்டிடங்கள், மேம்பாலம், நனைந்தபடி ஓடும் டெலிவரி ஆட்கள்...

நேரமாச்சு என்று சுஜி கைதட்டினாள். எல்லோரும் எழுந்தார்கள்.

அவள் எழவில்லை.

ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. எழுந்திருக்கலாம். ஆனால் ஜன்னலோரம், தூண் மறைத்த அந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். யாருக்காவது தெரிகிறதா, பார்க்கலாம்... கீழே பாத்ரூம் பக்கம் ரகளை செய்துகொண்டிருந்த இரண்டு பேரைத் தேடிச் சத்யா முன்பே படியிறங்கியிருந்தான். சிரிப்புச் சத்தங்கள் இறங்கிப்போயின. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வேன் கிளம்பியது. வாசலைத் தாண்டியது. அவளுடைய பை அதற்குள்தான் இருந்தது. தாம்பரத்தில் முதலில் பைதான் அனாதையாக நிற்கும். அதைப் பார்த்த பிறகுதான் ஆளை நினைப்பார்கள்.

இதற்கா காத்திருந்தேன்?

அப்போது மழைக்குள்ளே, நூறடி தள்ளி, இரண்டு சிவப்பு விளக்குகள் எரிந்தன. வேன் நின்றது. கதவு முழுதாகத் திறப்பதற்குள் ஓர் ஆள் குதித்தான். குடையில்லாமல் ஓடி வந்தான். தேங்கிய தண்ணீரைச் சுற்றிப் போகாமல், நடுவில் மிதித்து...

மாடிக்கு வந்தபோது அவன் தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கியது.

“மன்னிச்சிடுங்க... கணக்குல ஒண்ணு குறைஞ்சுது. அதான்.”

நன்றி சொல்ல வேண்டியவள் வெடித்தாள். “பின்னாடி வர்றதுதானே உங்க வேலை? நான் இங்கேயே உக்காந்திருக்கேன், நீங்க முன்னாடி போயிட்டீங்க.”

“தப்புதாங்க,” என்றான். பிறகு மேஜையைப் பார்த்தான். “முழு பீர் அப்படியே இருக்கே. அது பாவம், உங்களுக்காகத்தான் காத்திருந்துதா?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு.

சோழிங்கநல்லூரில் அவர்கள் இருவரும் சாத்துக்குடி ஜூஸ் குடித்தார்கள். அவன் கூடுவாஞ்சேரியில், விற்காத மனைகளுக்கு நடுவில் ஒரு வீட்டில் தனியாக இருக்கிறான். அப்பா அம்மா தங்கை வீட்டோடு ஓசூர் போய் இரண்டு வருடமாகிறது. சனி ஞாயிறுகளில் வீட்டில் குக்கர் விசில் ஒன்றுதான் பேசும், அதனால்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்றான். அவள் தன் மாடியறையைப் பற்றிச் சொன்னாள். மூன்று புள்ளிகளைப் பற்றியும் சொன்னாள். அவன் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல அந்த வார்த்தைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே மழை நின்று நின்று பெய்தது. இந்த ஊர் அவ்வளவு மோசமில்லையோ...

கை கழுவப் போனாள். திரும்பி வரும்போது மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சுஜியின் குரல்.

“சத்யா, தனியா வந்திருக்காளே, அந்தப் பொண்ண கொஞ்சம் குஷியா வச்சுக்கோடா. போன வாரம் தனியா வந்த ஒருத்தன் ரிவ்யூல ஒரு ஸ்டார் போட்டுட்டான். செம பேஜாரு.”

“சரிக்கா,” என்றான் சத்யா.

சரிக்கா. அவ்வளவுதான்.

சாத்துக்குடி திடீரென்று கசந்தது. அந்தக் கண்கள், அந்த ஓட்டம், அந்தக் கேலி... எல்லாமே டூட்டியா? தனியாக வருகிறவர்கள் எல்லோருக்கும் இதே சிரிப்புதானா? அவன்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்ததுதான் அதிகம். ஒரு மணி நேரத்தில் இவ்வளவு தூரம் கற்பனை பண்ணிவிட்டாயே, அபி!

மேடவாக்கத்தில் அவன் குடையை நீட்டியபோது, “வேணாம் சார்,” என்று நனைந்தபடி நடந்தாள். அந்த ‘சார்’ அவனைச் சுட்டது தெரிந்தது. அவன் ஆறடி பின்னால் வந்தான். அவன் வேலை அதுதானே.

தாம்பரம் நிலையத்தின் வாசல் கூரைக்கடியில் சுஜி எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்தாள். சத்யா சின்னக் கத்தரிக்கோலோடு ஒவ்வொருவராக வந்து பட்டையை வெட்டினான். பட்டை போய்விட்டால் பொறுப்பு முடிந்தது; அது அவர்கள் வழக்கம். கடைசியில் பன்னிரண்டு.

“வெட்டுங்க சார். உங்க டூட்டி முடியட்டும்.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு வெட்டினான். மெல்லிய சத்தம்... மணிக்கட்டில் ஒரு வெள்ளைத் தடம் மட்டும் மிஞ்சியது. அவள் பையை இழுத்துக்கொண்டு படியேறிவிட்டாள்.

நடைமேடையில் ஒலிபெருக்கி, திருவண்ணாமலை ரயில் இருபத்தைந்து நிமிடம் தாமதம் என்றது. கூரை ஒழுகும் இடங்களில் மக்கள் வட்டம் விட்டு நின்றார்கள். ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு அவசரம். இத்தனை பேருக்கு நடுவில் இவ்வளவு தனியாக இருக்க முடியுமா... அவள் போனை எடுத்து அந்த மெயிலைத் திறந்தாள். இப்போதே அனுப்பிவிடலாம்.

நிமிர்ந்தபோது பத்தடி தள்ளி, தூணில் சாய்ந்து, சத்யா நின்றிருந்தான். பக்கத்தில் வரவில்லை. எதிர்ப்பக்கம் செங்கல்பட்டு மின்சார ரயில் வந்தது. கூடுவாஞ்சேரிக்கு அதுதான் வண்டி. அவன் ஏறவில்லை. இன்னொன்று வந்தது. அதுவும் போனது.

அவளால் பொறுக்க முடியவில்லை. “உங்க வண்டி போயிடுச்சு.”

“ரெண்டு போயிடுச்சு,” என்றான்.

“ஸ்டார்தானே வேணும்? அஞ்சு போட்டுடறேன். கிளம்புங்க.”

அவன் முகம் மாறியது. எதைக் கேட்டிருக்கிறாள் என்று புரிந்துவிட்டது. மெதுவாக நடந்து வந்து, ஒழுகுகிற தண்ணீருக்கு அந்தப் பக்கமே நின்றான்.

“ஒரு ஸ்டாரே போடுங்க. பரவால்ல. ஆனா மதியம் உங்ககிட்ட ஒரு பொய் சொன்னேன். அத மட்டும் சொல்லிட்டுப் போயிடறேன்.”

அவள் போனைத் தாழ்த்தினாள்.

“கணக்குல ஒண்ணு குறைஞ்சுதுன்னு சொன்னேன்ல... குறையல. சுஜிக்கா எண்ணினாங்க. பன்னெண்டு சரியா இருக்கு, போலாம்னாங்க. என்னையும் சேத்து எண்ணிட்டாங்க. வழக்கமா என்னை யாரும் எண்ண மாட்டாங்க.”

“அப்புறம் எப்படித் தெரிஞ்சுது?”

“நான் எண்ணவே இல்லைங்க. வாரம் பூரா எண்றவன்தான்... இன்னிக்கு எண்ணல. வேன்ல ஏறினதும் உங்களத் தேடினேன். நீங்க இல்ல.”

அவள் நெஞ்சுக்குள் இரண்டு சிவப்பு விளக்குகள் எரிந்தன.

“அப்ப அந்த ‘சரிக்கா’?”

“வேற என்னங்க சொல்றது? ஏற்கனவே அதத்தான் பண்ணிட்டிருக்கேன்க்கான்னா சொல்ல முடியும்?” காதுவரை சிவந்துபோய்த் தரையைப் பார்த்தான். “எனக்கு உங்கள பிடிச்சிருக்கு. நேத்து வரைக்கும் தெரியாது உங்கள. நாளைக்கு நீங்க இந்த ஊர்ல இல்ல. அது தெரிஞ்சுதான் சொல்றேன்.”

ரயில் வந்தது. கூட்டம் நகர்ந்தது. அவன் அவள் பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு இறங்கிக்கொண்டான். அவளுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. கம்பிகளில் மழைத்துளிகள் வரிசையாக நின்றன.

“சத்யநாராயணன்,” என்று முழுதாகக் கூப்பிட்டாள்.

அவன் நிமிர்ந்தான்.

“நானும் ஒரு பொய் சொன்னேன். என்னை விட்டுட்டுப் போயிட்டீங்கன்னு சண்டை போட்டேன்ல... நான் வேணும்னேதான் உக்காந்திருந்தேன். யாராவது திரும்பி வர்றாங்களான்னு பாக்க.” குரல் உடைந்தது. அவள் மறைக்கவில்லை. “ஒரு ஆள் போதும்னு நெனச்சேன். நீங்க வந்தீங்க.”

போனை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். ‘வர விருப்பமில்லை.’ அவன் படித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு அவன் பார்க்கவே அதை அழித்தாள்.

“ஜனவரில வரேன்,” என்றாள். “வேலைக்காக இல்ல... உங்களுக்காக. எனக்கும் பிடிச்சிருக்கு.”

ரயில் அசைந்தது. அவன் ஜன்னலோடு நடந்தான். வேகம் கூடியது, அவனும் வேகம் கூட்டினான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

“நீங்க கடைசில வர்றவராச்சே. பின்னாடி போங்க.”

“மாட்டேன்,” என்றான் மூச்சு வாங்க. “டூட்டி முடிஞ்சுடுச்சு.”