எஃப் கார்டில் காத்திருப்பவள்

கிடாரில் எஃப் கார்டு முடிந்து அடுத்த கார்டு வரவேண்டிய இடத்தில் வரவில்லை. ஒரு கணம் தயங்கி, பிறகுதான் வந்தது. ஜம்பு வாசிப்பதை நிறுத்திவிட்டுக் காலடியில் கிடந்த லூப் பெடலைப் பார்த்தான். ஒருமுறை பதிந்ததையே திரும்பத் திரும்ப ஒலிக்கும் சின்னப் பெட்டி அது. அதற்குத் தயங்கவெல்லாம் தெரியாது.

அதில் பதிந்திருந்தது மானசாவின் கை. அவன் லீட் பழகுவதற்காக, நோயில் விழும் முன் அவன் மனைவி கிடாரில் வாசித்து வைத்துவிட்டுப் போன கார்டுகள், ஒரே மீட்டலில் சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கொத்துகள். கல்யாண வரவேற்புகளில் இருவரும் சேர்ந்து வாசிப்பார்கள்; பின்னணிக் கார்டு அவள், அதன்மேல் ஓடும் மெட்டான லீட் அவன். லீட் என்று பெயர்தான், ஸ்கேலை மேலும் கீழுமாக ஓட்டுவான், அவ்வளவே. கார்டுக்குள் இருக்கும் ஸ்வரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசி, ஆர்பெஜியோவைப் பிடித்துக்கொண்டால் எங்கேயும் விழமாட்டாய் என்று அவள் தலைப்பாடாய் அடித்துக்கொள்வாள். எஃப் வந்தால் போதும், சரியான ஸ்வரத்துக்கு ஒரு ஃப்ரெட், கிடார்க் கழுத்தில் ஒரு கட்டம், முன்னாலேயே போய் உட்கார்ந்துவிடுவான். அது உறுத்தும். அவன் திருத்திக்கொள்ளும்வரை அவள் அடுத்த கார்டுக்கு நகராமல், அதே எஃப்பில் நின்று காத்திருப்பாள்.

இப்போதும் அவன் விரல் அந்தத் தப்பான ஃப்ரெட்டில்தான் இருந்தது.

அன்று அவன் பயப்படவில்லை, அழுதான். அவள் போன பிறகு அந்தச் செம்பூர் வீட்டில் முதல்முறையாக ஆள் இருப்பது போலிருந்தது. சரியாக வாசித்தால் பெட்டி வெறும் பெட்டி, தவறினால்தான் அவள். ஆகவே தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் வேண்டுமென்றே தவறினான். நன்றாக வாசிக்க வேண்டும் என்ற ஆசையையே தலைமுழுகிவிட்டான். காத்திருப்பு நாளுக்கு நாள் நீண்டது. மழையில் ஊறிய சுவரின் பூஞ்சை நெடிக்கும் ஹார்பர் லைன் ரயிலின் தடதடப்புக்கும் இடையே, எஃப் மெல்ல அடங்கும்போது, அதன் அடியில் ஈரமாக ஏதோ இழுபடும் ஓசை கேட்கத் தொடங்கியது. வயர் லூசாக இருக்கும் என்று மாற்றிப் பார்த்தான். ஓசை போகவில்லை. கூடவே லேசாக ஆஸ்பத்திரி வாசம்.

அக்கா நாகலக்ஷ்மி மாதுங்காவிலிருந்து சாப்பாட்டு டப்பாவோடு வந்தபோதும் வாசித்துக்கொண்டுதான் இருந்தான். அவள் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. என்ன சத்தம் என்று கேட்டாள். வயர் கோளாறு என்றான்.

"வயர் இல்லடா. மானசாவோட மூச்சு. ஐசியூல கடைசியா இப்படித்தான் இழுத்துண்டு கிடந்தா. நீ உள்ள வரவே இல்ல. நான்தான் கேட்டுண்டு நின்னேன்."

 உள்ளே போகத் தைரியமில்லாமல் காரிடாரிலேயே உட்கார்ந்திருந்தவன் அவன். அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியாது. தெரியாமல்தான் தினமும் அவளை அந்த மூச்சிலேயே நிறுத்தி வைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறான்.

"அவளப் படுத்தாதே. பந்த் பண்ணிடு, நிறுத்திடு," என்றாள் அக்கா. டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு வேகமாகப் படியிறங்கினாள்.

பெடலை மிதித்தான். நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினான். பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது. எஃப் அணையவில்லை. மூச்சு அறை முழுக்க இழுத்தது.

அவளை விடுவிக்க ஒரே வழிதான். சரியான ஸ்வரம். ஒரே ஒரு ஃப்ரெட். அதை வாசித்தால் போய்விடுவாள். இனி வரவே மாட்டாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"போயிடு, மானசா. இந்தத் தடவை சரியா வாசிச்சுடறேன்."

விரலை நகர்த்தினான். நகரவில்லை.

அதன்மேல் இன்னொரு விரல். சில்லென்று. கம்பியை அழுத்தி அழுத்திக் காய்ப்புக் காய்த்த நுனி. அவனுக்கு நன்றாகத் தெரிந்த நுனி.

அவன் தள்ளினான். அது அழுத்தியது. கம்பி தோலுக்குள் இறங்கியது. ரத்தம்.

தோளில் ஒரு கன்னம் சாய்ந்தது. காதோரம் அந்த மூச்சு, காற்றுக்குத் தவித்து, தவித்து. விரல் மட்டும் தப்பான ஃப்ரெட்டை விடவில்லை.