ஒரு தட்டு

டம்!

ஜீப்பின் பின்பக்கத் தகரத்தில் யாரோ உள்ளங்கையை விரித்து ஓங்கித் தட்டினார்கள். இஃப்திகாரின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.

நல்ல பகல் வேளை. அகஸ்டினின் பட்டறையிலிருந்து வண்டியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தான். போன வாரம் மாட்டிய ரிவர்ஸ் ஹாரன், பொம்மைக் குழல் மாதிரி ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தது. தட்டுக்கு அர்த்தம் எல்லா டிரைவருக்கும் தெரியும். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் வா. பின்னால் நிற்கிறவர் கைதான் டிரைவருக்குக் கண்.

இறங்கிப் போய்ப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. வெயிலும் ஒரு காலி ஆயில் டப்பாவும்தான் இருந்தன.

"யாருண்ணே தட்டுனது?"

வண்டிக்கு முன்னால் மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டிருந்த அகஸ்டின் நிமிர்ந்தார். "நான் இங்கதான பாய் நிக்கிறேன். வேற யாரு இருக்கா?"

அந்தச் சத்தத்தின் வாலில் இன்னொரு சின்னச் சத்தமும் இருந்தது. கிணுக். மோதிரம் போட்ட விரல் தகரத்தில் பட்டதுபோல.

ஏழு வருடம் தம்மாமில் வண்டி ஓட்டிவிட்டு, 2004-ல் ஊருக்குத் திரும்பியவன் இஃப்திகார். விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனிக்காரர்களைக் களிமண் பள்ளங்களுக்கு அழைத்துப்போய்க் காட்டும் வேலைக்கென்று, பதினான்கு வருடப் பழைய ஃபோர் வீல் ஜீப் ஒன்றைப் போன ஆவணியில் வாங்கினான். வாங்கியதிலிருந்து அதைப் பிள்ளை மாதிரிப் பார்த்தான். கமான் கட்டைக்குப் புது புஷ், வயலில் இறங்கினாலும் வழுக்காத கட்டை டயர், மூடுபனி லைட், கடைசியாக அந்த ஹாரன். வண்டி சொன்னபடி கேட்டது. ரிவர்ஸ் எடுக்கும்போது விழும் அந்த ஒற்றைத் தட்டைத் தவிர.

அகஸ்டின் பாடி போல்ட்டுகளை எல்லாம் முறுக்கினார். சைலன்ஸர் ரப்பரை மாற்றினார். ஸ்டெப்னியைக் கழற்றி மாட்டினார். மறுநாளும் தட்டு விழுந்தது. ரிவர்ஸில் மட்டும், ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு தட்டு.

"பழைய வண்டி பாய், வயசானா அங்கங்க பேசத்தான் செய்யும். நீங்க காதுல வாங்காதீங்க."

காதில் வாங்காமல் இருக்கப் பழகினான். பத்து நாளில் தட்டு விழுந்தாலும் பிரேக்கில் கால் வைக்காமல் வண்டி எடுக்க வந்துவிட்டது. ஆனால் காலையில் வண்டியைக் கழுவும்போது, பின்கதவின் ஓரத்தில், காய்ந்த வெள்ளைக் களிமண்ணில் நான்கு விரல் அச்சு இருக்கும். தேய்த்துக் கழுவுவான். மறுநாளும் இருக்கும்.

மனைவி அஜீஸாவிடம் சொன்னபோது அவள் சிரித்தாள்.

"ஏழு வருஷம் சவூதில தனியாக் கெடந்தீங்க மச்சான், அப்பல்லாம் பயப்படல. இப்ப ஒரு தகரத்துக்குப் போய்ப் பயப்படுறீங்களே!"

அவளுக்கு எல்லாவற்றுக்கும் மச்சான்தான். சோற்றுக்குக் கூப்பிட்டாலும் மச்சான், சண்டை போட்டாலும் மச்சான். அந்தச் சிரிப்பில் அவனுக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது.

அந்தத் தைரியத்தில்தான் ஒருநாள் ஸ்ரீமுஷ்ணம் ரோட்டில் இருந்த பிலோமின்ராஜ் வீட்டுக்குப் போனான். வண்டியை விற்றவர் அவர்தான். கூடத்துச் சுவரில், மாதா படத்துக்குப் பக்கத்தில், மாலை போட்ட ஒரு பெண்ணின் போட்டோ. நாற்காலி முதுகில் கை வைத்து நின்றிருந்தாள். விரலில் பட்டையாக ஒரு மோதிரம்.

இஃப்திகார் அந்த மோதிரத்தையே பார்த்தான். "இது யாருங்க?"

"என் சம்சாரம் கிரேசி. களிமண் பள்ளத்துல போயிட்டா." பிலோமின்ராஜ் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "கம்மாபுரத்துக்கு இந்தாண்ட, ரெட்டைப் பனை பள்ளம். நான் ரிவர்ஸ் எடுத்தேன். பின்னாடி நின்னு ரெண்டு தட்டு தட்டுனா பாய். ரெண்டு. 'வரலாம் மாமா'ன்னு வாயாலயும் சொன்னா. அதான் வந்தேன். போலீஸுலயும் அதத்தான் சொன்னேன்."

தட்டைப் பற்றி இஃப்திகார் அதுவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

வண்டியை விற்றுவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தான். ஆள் தேடுவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

நான்காம் நாள் மழையில், பிற்பகல் மூன்று மணிக்குப் போன் வந்தது. கம்மாபுரத்துக்கு அப்பால் இருக்கும் அஜீஸாவின் அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது. ரோட்டில் தண்ணீர் ஓடுகிறது, பஸ் நின்றுவிட்டது. ஆட்டோ, கார், ஒன்றும் வராது. இந்த ஜீப் போகும்.

"வண்டிய எடுங்க மச்சான்." அஜீஸா சிரிக்கவில்லை.

கம்மாபுரம் நெருங்கும்போது கல்வெர்ட்டுக்கு மேல் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. ரோட்டை விட்டால் மண் லாரி போகும் தடம் ஒன்றுதான் வழி. இறங்கி, முன்சக்கரங்கள் இரண்டின் நடுவிலும் இருந்த திருகுகளை நனைந்த கையால் லாக்குக்குத் திருப்பினான். ஃபோர் வீலைப் போட்டு, இரண்டாவது கியரில், ஆக்சிலேட்டரை ஏற்றாமல் இறக்காமல், ஒரே மூச்சாகத் தடத்தில் விட்டான். அடையாளம் சுலபம். நிலக்கரிச் சுரங்கத்து மண்மேட்டின் லைட் இடது கைப்பக்கமாகவே இருக்க வேண்டும். அது இடம் மாறாதவரை வழி சரி.

மழை கூரையில் அவல் இடிப்பதுபோல் விழுந்துகொண்டிருந்தது. வண்டிக்குள் ஈரக் களிமண் வாடை, சுட்ட பீங்கானும் பச்சை மண்ணும் கலந்தமாதிரி ஒரு வாடை, கண்ணாடியை ஏற்றிவிட்ட பிறகும் ஏறிக்கொண்டே இருந்தது. வைப்பர் ஒதுக்கிய இடத்தில் வெளிச்சம் மங்கி, ஐந்து மணிக்கே வானம் கறுத்துவிட்டது.

அஜீஸா சொன்னாள்: "மச்சான், அந்த லைட்டு உங்க பக்கம் இருக்குது."

வலது பக்கம் இருந்தது.

அவன் பிரேக் போட்டான். வைப்பர் ஒருமுறை போய்த் திரும்பியது. எதிரே இரண்டு பனைகள். அவற்றுக்கு முன்னால், சக்கரத்திலிருந்து ஒரு முழத்தில், தடம் முடிந்திருந்தது. அதற்கப்பால் பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர், ஆழம் தெரியாமல்.

திரும்ப இடமில்லை. பின்னால்தான் போக வேண்டும். பின்கண்ணாடி முழுக்கச் சேறு. பக்கக் கண்ணாடியில் மழை.

அஜீஸா கதவைத் திறந்தாள்.

"இறங்காத!"

"பின்னாடியும் பள்ளம் இருந்தா? அங்க அம்மா மூச்சுக்குத் தவிக்குது. நான் பாத்துச் சொல்றேன், நீங்க எடுங்க."

"அஜீஸா, நில்லு. வண்டியத் தட்டாத. என்ன ஆனாலும் தட்டாத. வாயால மட்டும் சொல்லு."

"ஏன் மச்சான்?"

"சொன்னாக் கேளு!"

அவள் போனாள். வளையல் சத்தம் வண்டியின் ஓரமாகவே பின்னால் போய் மழையில் கரைந்தது.

ரிவர்ஸ் போட்டான். ஹாரன் தன் மெட்டை ஆரம்பித்தது.

"வரலாம் மச்சான்!" அஜீஸாவின் குரல், மழையைத் தாண்டி.

கிளட்சை விட்டான். சக்கரம் வழுக்கிப் பிடித்தது.

"வரலாம் மச்சான்! இன்னும் வரலாம்!"

வண்டி நகர்ந்தது. ஒரு அடி. இரண்டு அடி. பின்னால் எதுவோ சேற்றில் சறுக்கும் சத்தம். கல்லாக இருக்கும். ஹாரன் வாசித்தது.

டம்!

கால் பிரேக்குக்குப் போய்ப் பாதியில் நின்றது.

அவள் இல்லை. அவளிடம் சொல்லியிருக்கிறேன். தட்ட மாட்டாள். இது அது. காதில் வாங்காதே.

"வரலாம்..." என்றது குரல். அமைதியாக. "வரலாம்..."

குரல்தான் கணக்கு. குரல்தான் அஜீஸா. கிளட்சை இன்னும் கொஞ்சம் விட்டான்.

"வரலாம் மாமா."

பிரேக்.

ஆனால் இடது பின்சக்கரம் அதற்குள் எதன்மேலோ ஏறியிருந்தது. மெத்தென்று. ஏறி, இறங்கி, நின்றது.

மாமா. அஜீஸா அவனை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. அந்தத் தட்டு. அதன் வாலில் கிணுக் இல்லை. மோதிரம் இல்லாத கை.

இறங்கினான். கால் புதைந்தது. செருப்பு போனது. வண்டியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்தான். சிவப்பு லைட்டில் மழை சிவப்பாக விழுந்தது. பின்கதவுத் தகரத்தில் ஒரு கை அச்சு. ஐந்து விரலும் விரிந்து, அப்படியே கீழ்நோக்கி இழுபட்டு. இன்னும் ஈரம். மழை அதைக் கழுவிக்கொண்டிருந்தது.

அச்சு இழுபட்ட வழியே கண் கீழே போனது.

சக்கரத்துக்கு அடியில் கறுப்புப் பர்தாவின் நுனி. அதற்குப் பக்கத்தில் வெள்ளைக் களிமண்ணில் ஒரு மணிக்கட்டு. அதில் உடையாமல் இரண்டு பச்சை வளையல்.

"அஜீஸா..."

ஹாரன் வாசித்துக்கொண்டே இருந்தது.

அவன் தோளுக்குப் பின்னால், மிக அருகில், தகரத்தில் மோதிரம் உரசியது. கிணுக்.

"என்னாட்டமே அவளும் ஒரு தட்டுத்தான் தட்டுனா மாமா. நீயும் நிறுத்தல."