இரண்டு குட்டை, ஒரு நெட்டை

கூரை விளிம்பிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்த அந்தக் காலையில், மலைக் குடிலின் ஜன்னலுக்கு எதிரே கம்பியில் வந்து உட்கார்ந்த கரிச்சான் குருவி, நெடுந்தூரம் பறந்து வந்ததுபோல் ஓடாய்த் தேய்ந்திருந்தது. காலில் சிவப்பு வளையம். பறவைக் கணக்கெடுக்கும் அவளும் அவள் கணவனும் இந்த ஒன்றுக்கு மட்டும் போட்டது. ஆனால் இந்தச் சிவப்பு வளையத்தான் குளிருக்குக் கீழே இறங்காமல் மலையிலேயே தங்கிவிட்டதாக அவள் தன் கைப்படப் பதிவேட்டில் எழுதியிருந்தாளே.

எழுதியதற்குக் காரணம், நடுக்குளிரில் கேட்ட அந்தச் சீட்டி. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. மூடுபனியில் கணவன் மனைவி பிரிந்துவிட்டால் ஒருவர் அடிக்க வேண்டும். பதில் வரும்வரை நிறுத்தக் கூடாது. பதில் வந்தால் அந்தத் திசையில் நடந்து வர வேண்டும். கல்யாணமான புதிதில் போட்ட ஒப்பந்தம். கேட்டதையெல்லாம் அடித்துக் காட்டும் குருவி ஒரே கோடையில் அதையும் கற்றுக்கொண்டது.

"என்னைவிட அவன் தேவல. கூப்பிட்டா உடனே பதில் சொல்றான்" என்று கணவன் சீண்டுவான்.

நடுக்குளிரில் அவன் காணாமல் போனான். தேடும் குழுவின் தலைவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"ஓடைப் பள்ளத்துல சீட்டிச் சத்தம் கேக்குதேம்மா."

"அது அவர் இல்லீங்க, எங்க குருவி. நானே எத்தனையோ தடவை ஏமாந்திருக்கேன். அவர் போனது மேட்டுப் பக்கம். அங்க தேடுங்க."

மேட்டையெல்லாம் தோண்டினார்கள்; ஆள் கிடைக்கவில்லை. சீட்டி மூன்று நாள் கேட்டது. வாயை மூடித் தொலையேன் என்று குருவியைத் திட்டி, காதைப் பொத்திக்கொண்டு அவள் அழுதாள்.

இப்போது போன் அடித்தது. கீழே ஏரியில் கணக்கெடுக்கும் தம்பி.

"அக்கா, சிவப்பு வளையத்தான் வந்து சேந்துட்டானா?"

"எங்கேர்ந்து?"

"இங்கேர்ந்துதான். குளிர் பூரா ஏரிக்கரையிலதான் கிடந்தான். அண்ணன் சீட்டியை அடிப்பான், மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடும். அதான் உங்ககிட்ட சொல்லல."

அவள் போனைக் கீழே வைத்தாள். அந்த மூன்று நாளும் குருவி இங்கே இல்லை. முதல் நாள் ஓங்கி ஒலித்த சீட்டி. இரண்டாம் நாள் தேய்ந்த சீட்டி. மூன்றாம் நாள் சாயங்காலம், இரண்டு குட்டை மட்டும். பதிலே சொல்லாமல் அவனைச் சாகவிட்டவள் அவள்தான்.

வெளியே சீட்டி.

இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

அவள் குருவியைப் பார்த்தாள். அதன் அலகு மூடியிருந்தது. அதுவும் ஓடைப் பள்ளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுபடி சீட்டி. பொறுமையாக. குளிர்காலம் முழுவதும் அடித்துக் களைத்ததுபோல.

ஜன்னலைத் திறந்தாள். ஈர மண் வாசனை. அதற்கடியில் வேறொரு வாடை. உதடு குவிய மறுத்தது. கண்ணீர் உப்போடு குவித்தாள்.

பதில் அடித்தாள்.

குருவி விருட்டென்று பறந்துபோனது. சீட்டி நின்றது.

பிறகு, பனி நொறுங்கும் சத்தம். ஓர் அடி. இன்னோர் அடி.

பள்ளத்தின் விளிம்பில், அவள் கணவனுக்குப் பின்னிக் கொடுத்த கையுறை மேலே வந்து பனியைப் பற்றியது.