போதும் என்று சொல்லும் வரை

அவன் சொல்லி முடிப்பதற்கு முன்பே பதில் வந்துவிட்டது.

"ஏத்..." என்று அவன் வாயெடுத்த கணத்திலேயே, தூக்கி நிறுத்திய கார் பானெட்டுக்கு அப்பாலிருந்து "ஏத்திட்டேன்" என்றது குரல். எஞ்சின் உறுமி உயர்ந்தது. மிச்ச எழுத்தை அவன் விழுங்கிக்கொண்டான். காலையிலிருந்து ஒரே வேலையைச் செய்கிறவளுக்கு அது பழகிப்போயிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னான். ஆயினும் அந்தப் பதில் காதுக்குள் சிறு முள்ளாய்த் தைத்து நின்றது.

வீட்டோடு ஒட்டிய பட்டறை அது. மூன்று பக்கம் சுவர், நான்காம் பக்கம் இரும்பு ஷட்டர். ஷட்டருக்கு முதுகைக் காட்டி, எதிர்ச்சுவரை நோக்கி மூக்கை நீட்டி நின்றது அந்தப் பழைய சிவப்புக் கார். வெளியே பகலை இருட்டாக்கிக்கொண்டு மழை கொட்டியது. தகரக் கூரையில் விழுந்த அதன் இரைச்சலும், எண்ணெய் கருகும் வாடையும், கரியைக் கரைக்கும் திரவத்தின் நெடியும் ஒன்றோடொன்று பின்னிப் பட்டறையை நிறைத்திருந்தன. மெக்கானிக்கான அவன் நின்ற இடத்துக்குப் பின்னால், சுவரில் ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியே வந்த ஈரக் காற்று அவன் பிடரியைத் தடவியது. அந்தப் பட்டறையில் காற்று இருந்தது அந்த ஒரு முழ இடத்தில்தான். அந்த இடத்தில் நின்றவன் அவன்தான்.

காரின் எஞ்சின் வழக்கமான சாதி அல்ல. பிஸ்டன்கள் மேலும் கீழும் குதிப்பதற்குப் பதிலாக, முக்கோண உலோகக் கட்டிகள் அறைக்குள் ஓயாமல் சுழலும் ரோட்டரி எஞ்சின். நிதானமாக ஓடும்போது அதற்கு எப்போதும் திறந்திருக்கும் துவாரங்களின் காற்றே போதும். வேகம் ஏறி மூச்சு முட்டும் நேரத்தில் மட்டும், மூடிக் கிடக்கும் துணைத் துவாரங்கள் திறந்துகொள்ள வேண்டும். ஒவ்வொன்றின் உள்ளேயும் திரும்பக்கூடிய ஓர் உருளை. அதைத் திருப்ப வெளியே ஒரு கம்பி. நாளடைவில் கரி படிந்து உருளை இறுகிப்போகும். மூச்சு கேட்கும் எஞ்சினுக்கு மூச்சு கிடைக்காது.

இந்தக் காரில் முன் துவாரம் திறந்தது. பின் துவாரம் திறக்கவில்லை. சரிசெய்து அனுப்பிய வண்டியை, "இழுவையே இல்லையே" என்று அதன் சொந்தக்காரரான பல் டாக்டர் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அது அவனுக்குக் கன்னத்தில் விழுந்த அறை. இந்த முறை உருளையை உருவி, கரியைச் சுரண்டி, துலக்கி, எண்ணெய் தடவிப் பொருத்தியிருந்தான். கம்பியின் தலையில் வெள்ளைப் பெயின்டால் ஒரு பொட்டு வைத்திருந்தான். எஞ்சின் வேகம் ஏறும்போது அந்தப் பொட்டு திரும்ப வேண்டும். அதைக் கண்கொட்டாமல் பார்க்க அவன் முன்னால் நிற்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்க உள்ளே ஒருவர் உட்கார வேண்டும். அந்த ஒருவர், திருமணமான நாளிலிருந்து, அவன் மனைவிதான்.

பானெட்டைத் தூக்கிவிட்டால் உள்ளே இருப்பவர் முகம் தெரியாது. குரல் மட்டும்தான். "ஏத்து" என்பான், "ஏத்திட்டேன்" என்பாள். "இறக்கு" என்பான், "இறக்கிட்டேன்" என்பாள். அந்தத் தகரத் திரைக்கு இந்தப் பக்கம் ஆணை, அந்தப் பக்கம் பணிவு. இத்தனை ஆண்டுக் குடும்பமும் அப்படித்தான் ஓடியது.

தெருவில் அவனுக்கு மைக் என்று பட்டப்பெயர். மாலைக் கூட்டங்களில் மேடையேறினால் அனல் பறக்கும். "பூட்டிய கதவுகளைப் பெயர்த்தெறிவோம்! பெண்ணின் மூச்சு பெண்ணுக்கே சொந்தம்!" என்று முழங்குவான். பேயையும் பிசாசையும் பிய்த்து உதறுவான். "பேய் இருந்தால் இந்த மேடைக்கு வரட்டும், மாலை போட்டு வரவேற்கிறேன்" என்பான், கூட்டம் கைதட்டும். கைதட்டி முடித்து வீடு திரும்பியதும், "ஏய், தண்ணி" என்பான்.

மழை பிடித்தபோது ஷட்டரை இறக்கியது அவன்தான். காற்று வடிகட்டியைக் கழற்றி வைத்திருந்தான். எஞ்சினின் வாய் திறந்து கிடந்தது. புகை வெளியேற, புகைக்குழாயில் ஒரு ரப்பர்க் குழாயை மாட்டி, ஷட்டருக்கு அடியில் தெருவுக்கு விட்டிருந்தான். எல்லாம் முறையாகத்தான் இருந்தது.

"என்னங்க, தலை விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. ஷட்டரைக் கொஞ்சம் தூக்கி விடுங்களேன்" என்றாள் அவள், அப்போதே.

"தூக்கினா சாரலும் மண்ணும் நேரா எஞ்சின் வாய்க்குள்ள போகும். அப்புறம் எஞ்சினை மறந்துட வேண்டியதுதான்."

"ஓ, அதுக்கு ஜலதோஷம் பிடிச்சிடுமோ? எனக்கு மண்டை வெடிச்சா பரவால்ல."

"வாயில வேலை இல்ல உனக்கு, கால்ல வேலை."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. "ஊருக்கு மைக்கு, வீட்டுக்குப் பூட்டு. உங்களை மேடையில பாக்குறவங்க ஒருநாள் இந்த சீட்டுல வந்து உக்காரணும். கொஞ்ச நேரம் வெளிய போய் நிக்கட்டுமா?"

"காலை எடுத்தா வண்டி அணைஞ்சிடும். பாதிச் சூட்டுல அணைஞ்சா பெட்ரோல் உள்ள தேங்கிடும், திரும்பக் கிளப்ப உங்க அப்பாவா வருவாரு? நான் போதும்னு சொல்ற வரைக்கும் காலை எடுக்காத."

"எங்கப்பாவை ஏன் இழுக்குறீங்க? அந்த மனுஷன் என்னை உங்களுக்குக் கட்டி வச்சதைத் தவிர வேற எந்தத் தப்பும் பண்ணல." மறுபடியும் இருமல். பிறகு, சற்றுக் களைத்த குரலில், "சரிங்க. நீங்க போதும்னு சொல்ற வரைக்கும்."

அதன் பின்னர் நீண்ட நேரம் அந்த இருமல் பானெட்டுக்கு அப்பால் வந்துகொண்டே இருந்தது. வறண்ட இருமல், நெஞ்சைப் பிறாண்டும் இருமல். எஞ்சினின் தாளத்தைக் கேட்கவிடாமல் அது குறுக்கே விழுந்ததில் அவனுக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு கட்டத்தில் இருமல் நின்றது. "அப்பாடா" என்று முனகினான். அதே கணம், அடுத்த முடுக்கலில், அதுவரை அடம்பிடித்த வெள்ளைப் பொட்டு மெல்ல அசைந்தது. திரும்பியது. துவாரம் முழுதாய்த் திறந்தது.

"திறந்துடுச்சுடி!" என்று கத்தினான். கேலியாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தான். "ஏத்திட்டேன்" என்று மட்டும் வந்தது.

அப்போது அவன் அதைப் பொருட்படுத்தவில்லை.

இப்போதுதான், வாயிலேயே நின்றுபோன ஆணைக்குப் பதில் கிடைத்த பிறகுதான், அவன் எண்ணிப் பார்த்தான். இருமல் நின்றதிலிருந்து அவள் வேறு ஒரு சொல்லும் பேசவில்லை. சலிப்பு இல்லை, கிண்டல் இல்லை, "என்னங்க" இல்லை. ஒரே சொல், ஒரே ஏற்றம், ஒரே இறக்கம். வார்த்தைக்கு நடுவே மூச்சு வாங்கும் அந்தச் சின்ன இடைவெளிகூட அதில் இல்லை.

"இறக்கு."

"இறக்கிட்டேன்."

பொட்டு மூடியது. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் அத்தனை வழுவழுப்பு.

"தலைவலி எப்படி இருக்கு?" என்று கேட்டான். பல மணி நேரத்துக்குப் பின் கேட்ட முதல் கேள்வி. அவனுக்கே அன்னியமாக ஒலித்தது.

மழை கூரையில் இரைந்தது. எஞ்சின் தணிந்து முனகியது.

"ஏத்திட்டேன்."

எஞ்சின் உயர்ந்தது. அவன் ஏற்றச் சொல்லவில்லை.

"ஏய், தலைவலி எப்படி இருக்குன்னு கேட்டேன்."

"ஏத்திட்டேன்."

இம்முறை அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. குரல் பானெட்டுக்கு அப்பாலிருந்து வரவில்லை. அவன் கைகளுக்குக் கீழே இருந்து வந்தது. திறந்திருந்த பின்பக்கத் துவாரத்தின் வழியே, கரி மணக்கும் அந்த இருட்டுத் தொண்டையிலிருந்து, உலோகத்தில் உரசி உரசி வந்தது.

சட்டென்று கைகளை இழுத்துக்கொண்டான். முதுகு ஜன்னல் கம்பியில் இடித்தது. 'எதிரொலி' என்று சொல்லிக்கொண்டான். 'உலோகம் ஒலியைக் கடத்தும். பள்ளிக்கூடப் பாடம்.' மேடையில் பேய்களை விரட்டிய அறிவு நெஞ்சுக்குள் நின்று முழங்கியது. ஆயினும் கைகள் மறுபடி எஞ்சினைத் தொடவில்லை.

குனிந்தான். காரின் அடிவயிற்றுக்குக் கீழே டார்ச் வெளிச்சத்தைப் பாய்ச்சினான். தரை நெடுக நீலப் புகை, அசையாத தண்ணீர்போல் தேங்கிக் கிடந்தது. அதற்கு அப்பால் ஷட்டர். ஷட்டருக்கு அடியில், கழுத்து நெரிபட்ட பாம்பாக நசுங்கிக் கிடந்தது ரப்பர்க் குழாய். அதன் மறுமுனை புகைக்குழாயிலிருந்து கழன்று, தரையில் வாய் பிளந்து கிடந்தது.

அவன் இறக்கிய ஷட்டர்.

சாரல் எஞ்சினுக்குள் போகக் கூடாதென்று அவன் இறக்கிய ஷட்டர்.

பானெட்டைச் சாய்க்க வேண்டும். ஒரு கையால் தாங்குகம்பியை எடுத்தால் போதும். தகரம் கீழே வரும், கண்ணாடி தெரியும், அவள் முகம் தெரியும். கை நீண்டது. திரும்பி வந்தது. இத்தனை ஆண்டுகளில் வேலைக்கு நடுவே ஒருமுறையாவது அதைச் சாய்த்துப் பார்த்திருந்தால், இப்போது அந்தக் கைக்கு இவ்வளவு பாரம் இருந்திராது.

பேட்டரியின் முனையைப் பிடித்துப் பிடுங்கினான். தீப்பொறிக் கம்பிகளையும் கொத்தாக உருவி எறிந்தான். எஞ்சின் குலுங்கி நின்றது.

மழை மட்டும்.

வேகம் இல்லையென்றால் துணைத் துவாரம் மூட வேண்டும். அதுதான் விதி. டார்ச்சை உயர்த்தினான். வெள்ளைப் பொட்டு மூடியது. பிறகு, செத்துக் கிடந்த எஞ்சினின் மேல், மெல்ல, மிக மெல்ல, திறந்தது.

மூடியது.

திறந்தது.

உறங்குகிறவளின் மார்பு ஏறி இறங்கும் நிதானம். உள்ளிருந்து ஓர் இருமல். வறண்ட இருமல்.

அவன் சுவரை ஒட்டி நகர்ந்தான். ஜன்னலை விட்டு விலகியதும் புகை மூக்கில் அறைந்தது, கண்கள் எரிந்தன, நெற்றிப்பொட்டில் சம்மட்டி இறங்கியது. ஓட்டுநர் பக்கக் கதவை எட்டினான். கண்ணாடி இறங்கியிருந்தது. உள்ளே பார்த்தான்.

அவள் ஓட்டும் இருக்கையில் இல்லை. பக்கத்து இருக்கையில், மூலையோடு மூலையாகச் சுருண்டு கிடந்தாள். புடவைத் தலைப்பை மூக்கோடு சேர்த்து இறுக்கியிருந்தாள். இரண்டு கால்களையும் சிறு குழந்தைபோல் மடக்கி வயிற்றோடு அணைத்திருந்தாள். ஒரு கை கதவின் பிடியை நோக்கி நீண்டு பாதியில் நின்றிருந்தது. கன்னங்களில், புகையின் விஷம் ஏற்றிய, அவன் ஒருநாளும் கண்டிராத ரோஜாச் சிவப்பு. தொட்டான். குளிர்ந்திருந்தது. விரல்கள் விறைத்து, விரிக்க வராமல் இருந்தன. அந்த விறைப்பு இப்போது வந்ததல்ல. இருமல் நின்றபோதே அவள் போய்விட்டிருந்தாள்.

அப்படியானால் இவ்வளவு நேரமும் மிதித்தது...

டார்ச் வெளிச்சம் தானாகக் கீழே இறங்கியது. ஆக்சிலரேட்டர். அதன் மேல் எந்தக் காலும் இல்லை.

அது அழுந்தியிருந்தது.

ஷட்டரிடம் ஓடினான். ஓடவில்லை, விழுந்தான். கைப்பிடியைப் பற்றி இழுத்தான். ஒரு சாண் உயர்ந்தது. மழைத் துளிகள் முகத்தில் தெறித்தன. முழங்கால்கள் மடிந்தன. ஷட்டர் மறுபடி இறங்கியது. எழ முயன்றான். கால்கள் அவனுடையவை அல்ல.

"என்னங்க."

அவளுடைய குரல்தான். களைத்த குரல், செல்லமான குரல். காரின் மூக்குப் பக்கமிருந்து, தூக்கி நிறுத்திய பானெட்டின் அந்தப் பக்கத்திலிருந்து, இதுவரை அவன் நின்றிருந்த இடத்திலிருந்து வந்தது. இப்போது அவன்தான் தகரத் திரைக்குப் பின்னால் கிடந்தான்.

"ஏத்திட்டேங்க. போதுமா?"

போதும் என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல். ஆயிரம் பேருக்கு முன்னால் ஒலிபெருக்கி அதிர முழங்கிய தொண்டை திறந்தது. காற்று வரவில்லை. அவன் நெஞ்சிலிருந்த காற்று வெளியே போய்க்கொண்டிருந்தது. தரையில் தேங்கிய புகை நகர்ந்தது, மேசையில் கிடந்த கந்தல் துணி நகர்ந்தது, ஆணியில் தொங்கிய அவன் சட்டையின் கைகள் இரண்டும் எழுந்து பானெட்டை நோக்கி நீண்டன. துணைத் துவாரங்கள் முழுதாய்த் திறந்திருந்தன.

"இன்னும் சொல்லலியே" என்றது குரல், பொறுமையாக. "சரிங்க. நீங்க சொல்ற வரைக்கும்."

காரின் உள்ளே, யாருடைய காலும் படாமல், ஆக்சிலரேட்டர் தரையைத் தொட்டது.