தகிடவில் 'ட' எங்கே?

தென்காசி மாவட்டத்தில் ஓடுகிற எந்த வண்டிக்கும், அதன் சத்தத்தைக்கூடக் கேட்காமல், நோயைக் கண்டுபிடிக்க உலகத்தில் ஒரே ஆள்தான் உண்டு. அவன் பெயர் பால்வண்ணநாதன். இதைச் சொன்னவனும் பால்வண்ணநாதன்தான்.

அவன் மெக்கானிக்கல் என்ஜினியரிங் படிக்கிறான். முதல் வருஷத்தை முடித்துவிட்டான், இரண்டு பாடம் தவிர.

ஆனால் குற்றாலத்தில் அவன் வீட்டு வாசலில் நின்ற பழைய சின்ன பெட்ரோல் கார் மட்டும் அவன் பேச்சைக் கேட்கவில்லை. கிளப்பினால் குளிர்காய்ச்சல் வந்ததுபோல உதறியது. பாவூர்சத்திரத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனால், "நல்லாத்தானே ஓடுது!" என்று திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் மறுபடி உதறல்.

அன்று காலையும் அதே கதை. அப்பாவுக்கு வெறுத்துவிட்டது.

"சாயங்காலம் கீழப்பாவூர் பழைய இரும்புக் கடை வேல்ராஜ் வாராரு. கொண்டுபோய் உடைச்சு வித்துக்கிடட்டும்," என்றார்.

தங்கை அபர்ணாவுக்குப் பத்து வயது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு அந்தப் பின் சீட்டில்தானே ஏறுவாள்? மடியில் மங்குஸ்தான் பழம் உருளும். கண்ணாடியில் மூச்சை ஊதிப் பேர் எழுதுவாள். என்ஜின் விடாமல் 'தகிட தகிட தகிட' என்று சொல்லிக்கொண்டே வரும். வீடு வருவதற்குள் தூங்கிவிடுவாள்.

"அண்ணே, இதுல மூணு சிலிண்டர்தானே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அப்பம் தகிடன்னு மூணு சத்தம் வரணும். உதறும்போது 'தகி, தகி'ன்னுதான் வருது. 'ட' எங்க?"

பால்வண்ணநாதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஏட்டி, என்ஜின் என்ன கச்சேரியா பண்ணுது? தாளம் போட்டு வண்டி பாக்குற ஆளை இப்பந்தான் பாக்கேன்!"

மதியம் சாரல் நின்று வெயில் அடித்தது. பால்வண்ணநாதன் காரைக் கிளப்பினான். உதறல் இல்லை.

"பாத்தியா? நேத்து ஏர் ஃபில்டரைத் தட்டிப் போட்டேன்ல!"

"காலையில உதறிச்சே? இப்பம் சாரல் நின்னுட்டுண்ணே, அதான். பாவூர்சத்திரத்துல எப்பவும் வெயிலு. அங்கன ஒழுங்கா ஓடுது. இங்கன சாரல் அடிச்சா உதறுது."

அப்பா பேப்பரைக் கீழே வைத்தார். "அப்பம் எதுலயோ ஈரம் படுது."

"சாரலை நாமளே அடிச்சுப் பாப்பமாப்பா?"

இஸ்திரி போடும்போது அம்மா தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை அபர்ணா ஓடிப்போய் எடுத்துவந்தாள். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்பா பானெட்டைத் திறந்தார். ப்ளக்குகளுக்கு மின்சாரம் கொண்டுபோகிற மூன்று வயர்கள் தெரிந்தன.

"நீ எட்ட நில்லு, கரண்ட் அடிக்கும். நான் தெளிக்கேன், நீ கேளு," என்று தள்ளி நின்றபடி தெளித்தார்.

முதல் வயர். அபர்ணா கண்ணை மூடிக்கொண்டாள். "தகிட."

இரண்டாவது. "தகிட."

மூன்றாவது வயரில் தண்ணீர் பட்டதும் கார் உதற ஆரம்பித்தது.

"தகி... தகி... அப்பா, 'ட' போச்சு!"

பால்வண்ணநாதன் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான். சூடு ஆறியதும் அந்த வயரைக் கழற்றி வளைத்தான். ரப்பரில் தலைமுடி அளவுக்கு ஒரு வெடிப்பு. ஈரம் பட்டால் மின்சாரம் ப்ளக்குக்குப் போகாமல் அந்த வெடிப்பு வழியாக ஓடிவிடுகிறது.

"இதைத்தான் நானும் நெனச்சேன்," என்றான்.

அவனே பைக்கில் தென்காசிக்குப் போய், புது வயர் வாங்கிவந்து மாட்டினான். பாட்டில் காலியாகும்வரை தெளித்தும் 'ட' எங்கேயும் போகவில்லை.

அப்பா போனை எடுத்தார். "வேல்ராஜ் அண்ணாச்சி, வண்டியைக் கொடுக்கலை." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். "பிள்ளை பொறந்தப்போ ஆஸ்பத்திரியில இருந்து இதுலதான் கூட்டிட்டு வந்தேன். அதை எப்படி அண்ணாச்சி உடைச்சு விக்க?"

சாயங்காலம் சாரல் மறுபடி பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஐந்தருவிக்குக் கிளம்பினார்கள். பால்வண்ணநாதன்தான் ஓட்டினான். மேட்டில் கார் உதறாமல் ஏறியது.

அபர்ணா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அண்ணனின் விரல் ஸ்டீயரிங்கில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. உதடும் அசைந்தது.

"என்னண்ணே சொல்லுத?"

"பேசாம வாட்டி. தாளம் தப்பிரும்."